நாவல் எழுத ஒரு 160 பக்க சீ.ஆர். கொப்பி: ஏழு கொப்பி பாவித்த அனுபவம்

நாவல் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் ஆட்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விகள்தான். எப்போது எழுதுவீர்கள், எதில் எழுதுவீர்கள். முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம்: விடிய நாலரைக்குத் தொடங்கி, எங்கள் மாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டர் போடுகிற சத்தம் கேட்கும் வரைக்கும், அதாவது ஆறு மணி வரைக்கும். அதற்குப் பிறகு சமையல், எட்டு மணிக்கு முன்னால் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ், கொழும்புக் கோட்டையில் அலுவலகம், கணக்குப் பகுதி. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் யாருக்கும் அது போதவில்லை, அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் எழுதுவது சீ.ஆர். கொப்பியில். போன நாவலுக்கு ஐந்து கொப்பி முடிந்தது, இப்போது எழுதுகிற நாவலுக்கு இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக ஏழு. ஒரு பொருளைப் பற்றிப் பேச இது போதுமான பழக்கம் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் சீ.ஆர். கொப்பி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஏ.எல். ரியூஷனுக்கு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவோமே, அதுதான். தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: நீங்கள் நோட்டு என்பதை நாங்கள் கொப்பி என்போம், அதில் உயரமான வகை இது, தடித்த மட்டை, முதுகில் துணிப் பட்டி, நடுவில் நூல் தையல். 80 பக்கத்திலிருந்து பல அளவுகளில் கிடைக்கும். சிங்கிள் றூள் வாங்க வேண்டும், ஸ்குயர் றூள் கணக்குப் பிள்ளைகளுக்கு. எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவு, கடிதப் பதிவு, சில்லறைக் காசுக் கணக்கு எல்லாம் இதில்தான் இருக்கும். அதனால் வருடக்கணக்காக இந்தக் கொப்பியைத் தினமும் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன், அதில் ஒரு கதை எழுதலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

என் முதல் நாவல் மடிக்கணினியில் எழுதியது. நாலு வருடம். அதில் ஒன்றரை வருடம் முதலாவது அத்தியாயத்தையே திருத்திக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது கணக்குப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. திறந்தால் முதல் பக்கம்தான் கண்ணில் படும், அதில் ஒரு சொல் உறுத்தும், அதை மாற்றினால் அடுத்த வசனம் இடிக்கும், ஆறு மணியாகிவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான், அது கைநழுவிப்போனால் நாளைக்குத்தான்.

அப்புறம் 2022 வந்தது. கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த மார்ச் மாதத்தை மறக்க முடியாது. ஆங்கில எழுத்துகளால் குழு பிரித்து, எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று முதல்நாள் இரவு அட்டவணை வரும், மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. என் மடிக்கணினியின் பற்றரி பழசு, நாற்பது நிமிடம் தாங்கும். காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, பெற்றோல் வரிசை என்று எங்கு பார்த்தாலும் காத்திருப்பு. அந்த நாட்களில் வீட்டில் பாவிக்காமல் கிடந்த ஒரு சீ.ஆர். கொப்பியைத்தான் கையில் எடுத்தேன், காஸ் வரிசையில் நின்றபடி மட்டையை இடது கையில் தாங்கிக்கொண்டு ஒரு பக்கம் எழுதினேன். தடித்த மட்டையின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது, மேசையே தேவையில்லை. அடுத்த நாள் விடிய மெழுகுதிரி வெளிச்சத்தில் இரண்டு பக்கம். ஏப்ரல் முடியும்போது கொப்பி முடிந்துவிட்டது.

இரண்டாவது கொப்பி வாங்கப் போனால் கொப்பி இல்லை. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன காலம் அது, பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்திருந்தன. டொலர் இல்லாததால் தாள் இறக்க முடியவில்லை என்றார்கள். ஒரு காலத்தில் வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்து தாள் செய்த நாடு இது, எனக்கு அது நினைவு வந்து வந்து வருத்தியது. வெள்ளவத்தையில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் புறக்கோட்டையில் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் மூன்று கொப்பி கிடைத்தது. விலை, முந்தைய வருடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போக வேண்டிய கொப்பியை நான் வாங்குகிறேனே என்ற எண்ணம் வந்தது உண்மை. அதனால் ஒன்றை எங்கள் மாடியில் இருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு இரண்டோடு தொடர்ந்தேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். என்ன கிடைக்கும் இதில்?

கணக்கு முதலில். ஒரு பக்கத்தில் என் கையெழுத்துக்கு முப்பத்திரண்டு வரி, வரிக்கு ஆறு சொல் விழும். ஒரு பக்கத்துக்குச் சராசரி 190 சொல். நான் வலது பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன், ஏன் என்று கீழே சொல்கிறேன், ஆக ஒரு கொப்பிக்கு 80 பக்கம், சுமார் 15,000 சொல். ஐந்து கொப்பியில் 75,000 சொல் வந்தது, வெட்டிக் குறைத்துப் புத்தகமாகும்போது 60,000 ஆனது. ஒரு விடியலுக்கு ஒன்றரைப் பக்கம் என்பது என் அளவு. காய்ச்சல், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனது, அலுவலகத்தில் வருட முடிவுக் கணக்கு, எல்லா விடுபட்ட நாட்களையும் சேர்த்து பதினொரு மாதத்தில் முதல் பிரதி முடிந்தது. நாலு வருடம் எங்கே, பதினொரு மாதம் எங்கே.

காரணம் எளிது. பேனையால் எழுதினால் அழிக்க முடியாது. வெட்டலாம், வெட்டினாலும் வெட்டின சொல் அடியில் தெரிந்துகொண்டே இருக்கும், அதைப் பார்த்தாலே திரும்பிப்போய்த் திருத்துகிற ஆசை அடங்கிவிடும். விடியக் கொப்பியைத் திறந்தால் நேற்று நிறுத்தின இடம்தான் வருகிறது, ஏனென்றால் ரிப்பனோ நூலோ அந்த இடத்தில்தான் கிடக்கிறது. முதல் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய கொப்பியை அலுமாரியிலிருந்து எடுக்க வேண்டும், நாலரை மணிக்கு அதற்குக் கை போகாது. இன்னொன்று, எழுதி முடித்த பக்கங்கள் இடது கையின் கீழே தடித்துக்கொண்டு வரும். நாற்பதாவது பக்கம் தாண்டியதும் அந்தத் தடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குவேன், அது எனக்குப் பெரிய பலம்.

இனி அந்த இடது பக்கம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்தக் கொப்பியின் தாள் மெல்லியது. கொஞ்சம் அழுத்தி எழுதினால் மறுபக்கத்தில் தெரியும், இரண்டு பக்கமும் எழுதினால் வாசிக்கக் கண் நோகும். அதனால் மட்டும்தான் முதல் கொப்பியில் இடது பக்கத்தைச் சும்மா விட்டேன், வேறு யோசனை எதுவும் இல்லை. கீழ்மாடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார், எண்பதுக்குக் கிட்ட வயது, கரண்ட் இல்லாத பின்னேரங்களில் எல்லோரும் மரைன் டிரைவ் பக்கம் காற்று வாங்கப் போவோம், அவரும் வருவார். என்ன எழுதுகிறாய் பிள்ளை என்று கேட்டார், கொப்பியைக் கொடுத்தேன். மூன்று நாளில் திருப்பித் தந்தார். திறந்தால் இடது பக்கங்களில் பென்சிலால் சின்னச் சின்னதாக, தந்தி எழுதுகிற மாதிரி வரிகள்.

அதில் ஒன்று என் நாவலையே மாற்றிவிட்டது. கதையில் ஒரு கடிதம் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும், ஒரு வாரம் பிந்திப் போய்ச் சேர வேண்டும், அந்தப் பிந்தலில்தான் கதை திரும்புகிறது. நான் மழை வெள்ளம் என்று ஏதோ எழுதிச் சமாளித்திருந்தேன். கொழும்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தபால் இலக்கம் உண்டு, முகவரியில் கொழும்பு 15 என்று போட்டிருந்தேன், கவனக்குறைவு. ஐயா இடது பக்கத்தில் எழுதியிருந்தார்: “பிள்ளை, கொட்டாஞ்சேனை 13. 15 எண்டு போட்டால் கடிதம் முகத்துவாரம் போய்த்தான் திரும்பும்.” நான் அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மழையும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். அண்ணன் தங்கைக்கு எழுதுகிற கடிதத்தில் அவசரத்தில் ஒரு இலக்கத்தைப் பிழையாகப் போடுகிறான், அவ்வளவுதான், அந்தக் கடிதம் வேறு தபாற்கந்தோருக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் செய்த பிழையை அந்த அண்ணனே செய்ததாக எழுதினேன். ஊரில் வளர்ந்து கொழும்புக்கு வந்த ஒருவனுக்கு 13க்கும் 15க்கும் வித்தியாசம் தெரியாமல் போவது எவ்வளவு இயல்பு! புத்தகம் வந்த பிறகு ஆட்கள் என்னிடம் அதிகமாகப் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான்.

அன்றிலிருந்து இடது பக்கம் வாசகருக்கென்று வைத்துவிட்டேன். அட்டையின் உள்பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்: “இடது பக்கம் உங்களுடையது. பென்சிலோ பேனையோ, விருப்பம்போல எழுதுங்கள்.”

வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று இருக்கிறாள், மலையகத்தில் ஹற்றன் பக்கம், நான் சேலைக்குக் கரை அடிக்கக் கொடுக்கப் போய்ப் பழக்கமானவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் இருந்து எதையாவது வாசித்துக்கொண்டிருப்பாள், பலகாரம் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டாக இருந்தாலும் சரி. மூன்றாவது கொப்பியை அவளிடம் கொடுத்தேன், அதில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா வருகிறாள். நான் தோட்டத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், புத்தகங்கள் வாசித்திருக்கிறேன், போதும் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா ஒரு மழை நாளில் ஒன்பது கிலோ கொழுந்து எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிற மாதிரி ஒரு காட்சி. இடது பக்கத்தில் இப்படி இருந்தது: “அக்கா, ஒன்பது கிலோவுக்கு முழுப்பேரு போடமாட்டாங்க. அரைப்பேருதான். மழையில தண்ணி கிலோவும் கழிப்பாங்க. எங்கம்மாவுக்கு எத்தன வாட்டி வெட்டியிருக்காங்க.”

பேர் போடுவது என்றால் ஒரு நாள் சம்பளம் விழுவது. குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். எனக்கு அந்தச் சொல் தெரியும், அது ஒரு வீட்டில் எப்படி விழும் என்று தெரியாது. அதற்குக் கீழே இன்னும் நாலு வரி எழுதியிருந்தாள், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, பிந்திப் போனால் அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம், அப்படித் திரும்பி வந்த நாளில் அம்மா யாருடனும் பேசாமல் ரொட்டிக்கு மாப் பிசைவாளாம். அதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, அவளிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. எழுதுங்க அக்கா, ஆனா எங்கம்மா பேரு போட்டுறாதீங்க என்றாள். அந்தக் காட்சியை மூன்று முறை திரும்ப எழுதினேன், ஒவ்வொரு முறையும் அவளிடம் போய் வந்தது. நாலாவது முறை இடது பக்கத்தில் எதுவும் இல்லை, ஒரு சரி அடையாளம் மட்டும்.

இதைக் கணினியில் செய்திருக்க முடியாதா என்று கேட்பீர்கள். கோப்பை அனுப்பலாம், பக்கத்தில் குறிப்புப் போடலாம், வசதிகள் இருக்கின்றன. செய்து பார்த்தேன், முதல் நாவலில். ஆறு பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், இரண்டு பேர் “அருமை” என்று எழுதினார்கள், மற்றவர்கள் திறக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அந்தத் தபாலதிபர் ஐயா கணினியைத் தொடமாட்டார், சேலைக்கடைப் பிள்ளையின் போனில் திரை உடைந்திருக்கிறது. கொப்பியை எல்லோருக்கும் தெரியும். அச்சடித்த புத்தகத்தில் ஒரு கோடு போடவும் நம் ஆட்கள் தயங்குவார்கள், சரஸ்வதி என்று கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள், ஆனால் சீ.ஆர். கொப்பி என்றால் எழுதத்தான் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். வெட்டும் குத்துமாக என் கையெழுத்தைப் பார்க்கும்போது இது இன்னும் முடியவில்லை, இதில் நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்ற துணிவு அவர்களுக்கு வருகிறது.

நமது எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் இடையில் இதுதான் அருகிப்போயிருக்கிறது என்பது என் எண்ணம். புத்தகம் 300 பிரதி அடிக்கிறோம், மண்டபம் எடுக்கிறோம், மங்கல விளக்கு, வரவேற்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, ஏற்புரை. உறவும் நட்பும் வந்து என்வலப்பில் காசு வைத்துப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அந்த அன்புக்கு நான் கடமைப்பட்டவள், அது இல்லாவிட்டால் அச்சுக் காசு திரும்பாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வராது. வாசித்தார்களா, எந்த இடத்தில் அலுத்தது, எந்த இடத்தில் பொய் என்று பட்டது, ஒன்றும் தெரியாது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை இலக்கிய இதழைத் தொடங்கி, பிறகு கொழும்பிலிருந்து நடத்தியபோதும், இதழைக் கையில் கொண்டு திரிந்து ஆட்களிடம் நேரே கொடுத்தவர். இதழை வாங்குகிறவரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்த மனிதர் அவர். எனக்கு அவ்வளவு நடக்கத் தெம்பு இல்லை, ஒரு கொப்பியை மூன்று பேரிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிறது.

போன நாவல் வெளியீட்டில் முதற்பிரதியைத் தபாலதிபர் ஐயாவிடம் கொடுத்தேன். வழக்கமாக ஒரு பெரிய வர்த்தகருக்குத்தான் கொடுப்பார்கள், ஏன் இப்படி என்று இரண்டொருவர் கேட்டார்கள். ஐயா புத்தகத்தை வாங்கி, மேடையில் நின்றபடியே அந்தக் கடிதம் வருகிற பக்கத்தைத் தேடி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

குறைகளைச் சொல்லாமல் விடக்கூடாது, நிறைய இருக்கின்றன.

தையல். ஒரே மாதிரி மட்டை, ஒரே விலை, ஆனால் ஒரு கொப்பியின் தையல் வருடக்கணக்கில் அசையாது, இன்னொன்று நூறாவது பக்கத்திலேயே கட்டுக்கட்டாகக் கழன்று வரும். எனக்கு இரண்டாவது கொப்பி அப்படி வந்தது, ஊசி நூலால் நானே குத்தினேன். வாங்கும்போது நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள், நூல் தெரிய வேண்டும், இழுத்தால் ஆடக்கூடாது. முதுகுத் துணியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், மட்டை தொங்கினால் வேண்டாம்.

ஈரம் இன்னொரு பெரிய பிரச்சினை. வெள்ளவத்தையில் கடலோரம் இருக்கிற வீடு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அலை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தாள் தொட்டால் நமுத்த அப்பளம் மாதிரி இருக்கும், செப்டெம்பர் வரைக்கும் இதே கதை. பூஞ்சணம் மட்டையில்தான் முதலில் பிடிக்கும். ஜெல் பேனை வேண்டவே வேண்டாம், ஈரத் தாளில் பரவும், ஒருமுறை ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அரைப் பக்கம் நீலக் குளமாகிப்போனது. சாதாரண போல் பொயின்ற் பேனைதான் தாங்குகிறது. முடிந்த கொப்பிகளை நான் காய்ந்த வேப்பிலையோடு தகர ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், இராமபாணப் பூச்சி இதுவரைக்கும் வரவில்லை.

ஒரு கடையில் நான் வாங்கி வந்த கொப்பியில் நடுவில் பதினாறு பக்கம் ஏற்கனவே தண்ணீர் பட்டுக் காய்ந்து ஒட்டியிருந்தது. அடுத்த நாள் பில்லோடு கொண்டுபோனேன், பாவித்துவிட்டுத் திருப்பித் தருகிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மாற்றித் தரவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, ஆனால் மனம் நொந்தது. இப்போது கடையிலேயே பக்கங்களை விசிறிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பயமான குறை, ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பது. நாலாவது கொப்பியை நான் ஒரு ஓட்டோவில் விட்டுவிட்டேன். பாமன்கடையிலிருந்து வந்தேன், கையில் மரக்கறிப் பை, குடை, கொப்பி. இறங்கும்போது பையும் குடையும்தான் கையில் இருந்தன. வீட்டுக்கு வந்து தெரிந்ததும் கால் நடுங்கியது, ஐம்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் என் போன் நம்பர் எழுதியிருந்ததுதான் காப்பாற்றியது. இரவு எட்டு மணிக்கு அழைப்பு வந்தது, தெஹிவளையில் இருக்கிற ஒரு முஸ்லிம் சகோதரர், நாளைக்குக் காலையில் கொண்டுவந்து தருகிறேன் என்றார். கொண்டுவந்து தந்துவிட்டு, நான் கொடுத்த காசை வாங்க மறுத்துவிட்டுக் கேட்டார்: “அந்தப் புள்ளக்கி பொறகு என்ன நடந்த?” இரவு வாசித்திருக்கிறார். அவருக்கு அந்தப் புள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்ல எனக்கே அன்றைக்குத் தெரியாது, அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன். புத்தகம் வந்ததும் அழைத்துச் சொன்னேன், வந்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரத்துப் பக்கங்களை, இடது பக்கமும் சேர்த்து, போனில் படம் எடுத்து வைக்கிறேன். பத்து நிமிட வேலை. தயவுசெய்து இதை விடாதீர்கள்.

தட்டச்சு வேலையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. கொப்பி முடிந்ததும் முழுவதையும் கணினியில் அடிக்க வேண்டும். சில அச்சகங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கேட்கிறார்கள், யூனிகோடில் அடித்ததை மாற்றும்போது சில எழுத்துகள் உடைந்துபோகும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வெளியே கொடுத்து அடிப்பித்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நானே அடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில், ஏனென்றால் அடிக்கும்போது விரல் எந்த வசனத்தில் தயங்குகிறதோ அது சரியில்லாத வசனம். 75,000 சொல் 60,000 ஆனது அப்படித்தான். இடது பக்கக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கிறபோது, மூன்று பேர் கூட இருந்து எழுதுகிற மாதிரி இருக்கும்.

வேறு கொப்பிகளும் பாவித்துப் பார்த்தேன். கனடாவிலிருந்து தம்பி ஒரு தோல் மட்டை டயரி அனுப்பினான், வழுவழுவென்ற தாள், அழகென்றால் அழகு, அதில் நாலு பக்கத்துக்கு மேல் எழுத முடியவில்லை. ஒவ்வொரு வரியும் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தத் தாள் கேட்கிறது. அதை யாரிடமாவது கொடுத்து இதில் எழுதுங்கள் என்றால் எழுதவும் மாட்டார்கள். சுருள் கம்பி போட்ட கொப்பி மடித்து எழுத வசதி, ஆனால் கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பக்கமெல்லாம் கறை. போனில் எழுதுகிற இளையவர்களைத் தெரியும், பஸ்ஸில் நின்றபடி ஒரு அத்தியாயம் முடிக்கிறார்கள், என் கண்ணுக்கு அது ஆகாது.

யாருக்கு இது சரிவரும்? வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுகிறவர்களுக்கு, தொடங்கி முடிக்காமல் வைத்திருக்கிறவர்களுக்கு நிச்சயமாகச் சொல்வேன். ஏற்கனவே கணினியில் ஓட்டமாக எழுதுகிறவர்கள் மாற வேண்டியதில்லை. 160 பக்கம் வாங்குங்கள், அதைவிடப் பெரியது கைக்குப் பாரம், பையிலும் அடங்காது, இரவல் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் மலைப்பாக இருக்கும். நாலைந்து தேவையென்றால் புறக்கோட்டைக்குப் போனால் விலையில் வித்தியாசம் இருக்கும். பாடசாலை தொடங்குவதற்கு முந்தின வாரங்களில் போகாதீர்கள், கூட்டம், பிள்ளைகளோடு வருகிற அம்மாமாருக்கு இடம் விட வேண்டும். முதல் பக்கத்தில் போன் நம்பர். வலது பக்கத்தில் நீங்கள். இடது பக்கத்தைக் கொடுக்க இரண்டு பேரையாவது தேடிக்கொள்ளுங்கள், எழுத்தாளராக இல்லாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, எழுத்தாளர்கள் நடையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், மற்றவர்கள் கிலோவைப் பற்றியும் தபால் இலக்கத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள்.

இன்றைக்கு என் கையில் கொப்பி இல்லை. சேலைக்கடைப் பிள்ளையிடம் இருக்கிறது, தீபாவளி வியாபாரம், நேரமில்லை அக்கா, வெள்ளிக்கிழமை தாறேன் என்றாள். அதுவரைக்கும் எழுத ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி வந்திருக்கிறேன், தையல் பார்த்துத்தான் எடுத்தேன்.